கல்லுக்காட்டுக்கு ஒரு பெட்ரோல் பவர் வீடர்: வாங்கும்போதும் வாங்கிய பிறகும்

காவேரிப்பட்டினம் பக்கம் வாய்க்கால் பாயும் தோட்டத்தில் வருஷக்கணக்கில் பிரச்சினையில்லாமல் ஓடுகிற பவர் வீடர் (எஞ்சினில் ஓடுகிற களையெடுக்கும் மிஷின்), சரளையும் பாறைத் துண்டும் கிடக்கிற மேட்டுக்காட்டுக்குப் போனால் ஒரே பட்டத்தில் கியர்பாக்ஸ் போய் நிற்கும். மாடல் ஒன்றுதான், காடுதான் வேறு. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இந்த மிஷின்களைக் கெடுப்பது அதிக வேலை என்று சொல்ல முடியாது. கல், செம்மண் தூசி, தக்காளிக் காட்டுக் கட்டுக்கயிறு, பிறகு தை முதல் வைகாசி வரை மூலையில் சும்மா நிற்பது, இவைதான் கெடுக்கின்றன. வாங்கும்போதே இதையெல்லாம் மனதில் வைத்து வாங்க வேண்டும்.

கடையில் முதலில் காதில் விழுவது எச்.பி. கணக்கு. அதை ஓரமாக வைத்துவிட்டு சிசி, அதாவது எஞ்சின் சிலிண்டரின் கொள்ளளவு, எவ்வளவு என்று கேளுங்கள். நம் பக்கம் விற்கிற நான்கு ஸ்ட்ரோக் பெட்ரோல் வீடர்களில் பெரும்பாலானவை 196 சிசி ஹோண்டா ஜிஎக்ஸ்200 அல்லது அதன் அச்சில் வந்த 208, 212 சிசி எஞ்சின்கள். 212 சிசி எஞ்சின் மேல் 7 எச்.பி. என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். ஹோண்டா தன் 196 சிசி எஞ்சினுக்கு நிமிஷத்துக்கு 3600 சுற்றில் 5.5 எச்.பி. என்றுதான் போடுகிறது. 16 சிசி கூடியதற்காக ஒன்றரை குதிரைசக்தி கூடிவிடாது. ஒருவர் உச்சபட்சத்தை எழுதுகிறார், இன்னொருவர் நிகர சக்தியை எழுதுகிறார், அவ்வளவுதான் வித்தியாசம். 7க்கும் 5.5க்கும் விலை பார்த்து ஏமாற வேண்டாம்.

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை பக்கத்து ஆட்கள் இன்னொன்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கடல் மட்டத்திலிருந்து ஒவ்வொரு 300 மீட்டர் ஏற்றத்துக்கும் இந்த எஞ்சின்களின் சக்தி சுமார் 3.5 சதவீதம் குறையும். ஓசூர் ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அதனால் பத்தில் ஒரு பங்கு போய்விடும். அதற்காகக் கார்புரேட்டர் ஜெட்டை (பெட்ரோலை அளந்து விடுகிற சின்னத் துளை) மாற்ற வேண்டியதில்லை. 1500 மீட்டரைத் தாண்டினால்தான் அந்த வேலை.

சிசிக்கு அடுத்து வரிசை இடைவெளி. டேப் எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போய் அளந்துவிட்டுப் பிறகு கடைக்குப் போவது நல்லது. பிளேடு அகலத்தோடு இரண்டு பக்கமும் அரை அடியாவது இடம் விட்டால்தான் செடி வேர் தப்பும். 3 அடிக்கு 3 அடி போட்ட மரவள்ளியில் 2 அடி அகல பிளேடு சரியாகப் போகும். ஆனால் மூன்றாம் மாதத்துக்கு மேல் இலை மூடிவிடும், கிழங்கும் பக்கவாட்டில் ஓட ஆரம்பித்துவிடும், அதற்குப் பிறகு உள்ளே விடக்கூடாது. குச்சி கட்டிய தக்காளிக்கு 4 அடி பார் இருந்தால் தாராளம். ஒன்றரை அடி வரிசையில் நட்ட மஞ்சள், ஓர் அடி நிலக்கடலை, நெருக்கி நட்ட சாமந்தி இவற்றுக்கு இந்த 7 எச்.பி. வகையறா உதவாது. அங்கே களைக்கொத்துதான், அல்லது ஒற்றைச் சக்கரச் சின்ன வீடர். 30 அடிக்கு ஒரு மரம் நிற்கிற பெரிய மாந்தோப்புக்கு வீடர் வாங்குவது வீண் செலவு என்பது என் எண்ணம். டிராக்டர் ரோட்டவேட்டரை வாடகைக்கு எடுத்து நடுவில் ஓட்டிவிட்டு, மரத்தடியை பிரஷ் கட்டரால் அறுத்துக்கொள்ளலாம். மாமரத்துக்கு உணவு எடுக்கிற வேர் மேலாகத்தான் ஓடும், மரத்தடியில் வீடர் பிளேடு படவே கூடாது.

எஞ்சினிலிருந்து பிளேடுக்கு சக்தி எப்படிப் போகிறது என்பதில்தான் கல்லுக்காட்டுக்காரர்கள் ஏமாறுகிறார்கள். முழு கியர் மாடல் விலை கூட, சக்தி வீணாகாது, களிமண்ணிலும் இழுக்கும். பெல்ட் மாடலில் ஈரம் பட்டால் பெல்ட் வழுக்கும், அவ்வப்போது இறுக்க வேண்டும். அதனால் எல்லோரும் கியரே நல்லது என்பார்கள். ஆனால் பிளேடு ஒரு கல்லில் மாட்டிச் சடாரென்று நின்றால், கியர் மாடலில் அந்த அடி முழுவதும் பல்சக்கரத்துக்கும் பேரிங்குக்கும் போகிறது. பெல்ட் மாடலில் பெல்ட் ஒரு வழுக்கு வழுக்கி அந்த அடியை வாங்கிக்கொள்கிறது. சில நூறு ரூபாய் பெல்ட் தேய்வதும் பல ஆயிரம் ரூபாய் கியர் உடைவதும் ஒன்றல்ல. மண்ணுக்குள் தலை அளவு கல் கிடக்கிற காடு என்றால் நான் பெல்ட்டைத்தான் சொல்வேன். கல் பொறுக்கிய தோட்டம், பம்புசெட் பாசனம் என்றால் கியர்.

டீசல் வீடர் வேண்டாமா என்று கேட்பவர்களுக்கு: நாளும் வாடகைக்கு ஓட்டுவதாக இருந்தால் டீசல் கட்டுப்படியாகும். எடை நூறு கிலோவைத் தொடும், அதிர்வில் கை மரத்துப்போகும், பார் முனையில் திருப்ப ஆள் பலம் வேண்டும். இரண்டு மூன்று ஏக்கர் சொந்தக் காட்டுக்குப் பெட்ரோல் போதும். மணிக்கு ஒன்றிலிருந்து ஒன்றரை லிட்டர் குடிக்கும்.

மானியத்துக்கு வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் விசாரியுங்கள். சிறு, குறு விவசாயிகள், பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு விலையில் 50 சதவீதம், மற்றவர்களுக்கு 40 சதவீதம், இரண்டுக்கும் உச்சவரம்பு உண்டு. உழவன் செயலியிலும் பதிவு செய்யலாம். சிட்டா, ஆதார், வங்கிப் புத்தக நகல், சிறு குறு விவசாயி சான்று கையில் இருக்கட்டும். முதலில் மிஷினை வாங்கிவிட்டு பில்லோடு போனால் பணம் வராது, அனுமதி வந்த பிறகே வாங்க வேண்டும். பட்டியலில் இருக்கிற மாடலுக்குத்தான் மானியம் என்பதால், அந்தப் பட்டியலை வாங்கிக்கொண்டு ஒவ்வொரு மாடலுக்கும் உள்ளூரில் ஸ்பேர் கிடைக்கிறதா என்று பாருங்கள். கடைக்காரரிடம் பிளேடு செட், கிளட்ச் கேபிள், பிளேடு ஷாஃப்ட் (பிளேடு மாட்டுகிற தண்டு) ஆயில் சீல் (ஆயில் ஒழுகாமல் தடுக்கிற ரப்பர் வளையம்), ஸ்டார்ட்டர் ஸ்பிரிங், கார்புரேட்டர் வாஷர் இந்த ஐந்தையும் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். அலமாரியிலிருந்து எடுத்து வைத்தால் அந்த மாடலை நம்பலாம். "சொன்னா ரெண்டு நாள்ல வரவெச்சுடலாம்" என்றால் வேறு கடை பாருங்கள். ஐப்பசி மழையில் களை அந்த இரண்டு நாளுக்குக் காத்திருக்காது.

இனி ஓட்டும் கதை. புது மிஷின் பெரும்பாலும் ஆயில் இல்லாமல்தான் வரும், கடையில் ஊற்றினார்களா என்பதை நீங்களே பார்த்த பிறகே கயிற்றை இழுக்க வேண்டும். இந்த எஞ்சின்களில் ஆயில் பம்பு கிடையாது. கனெக்டிங் ராடின் அடியில் இருக்கிற சின்னக் கரண்டி ஆயிலைத் தெளித்துத்தான் எல்லா இடமும் நனைகிறது. மட்டம் கொஞ்சம் இறங்கினாலும் கரண்டிக்கு எட்டாது, சில நிமிஷத்தில் ராடு பிடித்துக்கொள்ளும். கொள்ளளவு 0.6 லிட்டர். 10டபிள்யூ-30 போடலாம், நம் சித்திரை வெயிலில் ஓட்டுவதாக இருந்தால் 15டபிள்யூ-40 இன்னும் பொருத்தம். மிஷினைச் சமதளத்தில் நிறுத்தி, ஆயில் குச்சியைத் துடைத்து, திருகாமல் சும்மா உள்ளே விட்டு எடுத்துப் பார்க்க வேண்டும். திருகிவிட்டுப் பார்த்தால் இருப்பதைவிட அதிகமாகக் காட்டும். அதிகமாக ஊற்றுவதும் தப்பு, அது பிரீதர் என்கிற காற்றுப்போக்கி வழியாக ஏறி ஏர் ஃபில்டரை நனைத்துப் புகையைக் கக்கும்.

முதல் 20 மணி நேரத்தில் ஆயிலை மாற்றியே ஆக வேண்டும். புது எஞ்சினின் உலோகத்தூள் அதில்தான் இருக்கும். அதன் பிறகு 100 மணி நேரத்துக்கு ஒரு முறை அல்லது ஆறு மாதத்துக்கு ஒரு முறை, எது முந்துகிறதோ அது. எஞ்சின் சூடாக இருக்கும்போது வடித்தால் கசடும் சேர்ந்து வரும்.

கம்பெனிப் புத்தகத்தில் ஏர் ஃபில்டரை 50 மணிக்கு ஒரு முறை சுத்தம் செய்யச் சொல்லியிருக்கும். புரட்டாசிக்கு முன் காய்ந்த செம்மண்ணில் ஓட்டினால் அந்தக் கணக்கு செல்லாது, தினமும் சாயங்காலம் திறந்து பாருங்கள். ஸ்பாஞ்சை சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் காயவைத்து, எஞ்சின் ஆயிலில் முக்கி, கையால் நன்றாகப் பிழிந்துவிட்டு மாட்ட வேண்டும். காகித ஃபில்டருக்கு ஆயில் படக்கூடாது, தரையில் தட்டித் தூசியை உதிர்த்தால் போதும். அடியில் ஆயில் கிண்ணம் வைத்த ஃபில்டர் நம் தூசிக்கு இன்னும் நல்லது. அந்தக் கிண்ணத்து ஆயில் சேறாகிவிட்டால் கொட்டிவிட்டுக் கோட்டு மட்டத்துக்குப் புது ஆயில் ஊற்றுங்கள். ஃபில்டர் இல்லாமல் ஓட்டினால் சத்தமும் வேகமும் ஜோராகத்தான் இருக்கும், அந்தத் தூசி பிஸ்டன் ரிங்கை அரைத்துத் தீர்த்துவிடும். கயிறு ஸ்டார்ட்டர் மூடிக்குப் பின்னாலும் சிலிண்டர் இறக்கைகளுக்கு நடுவிலும் காய்ந்த புல் அடைத்திருக்கும். காற்றில் குளிர்கிற எஞ்சினுக்கு அது மூச்சடைப்பு, குச்சியால் நோண்டி எடுத்துவிடுங்கள்.

இந்த மிஷினில் எதற்காவது ஒன்றுக்குத்தான் நேரம் ஒதுக்க முடியும் என்றால், பிளேடு ஷாஃப்டுக்கு ஒதுக்குங்கள். பாலக்கோடு, ராயக்கோட்டை, சூளகிரி பக்கம் தக்காளி எடுத்த காட்டில் எவ்வளவு பொறுக்கினாலும் கட்டுக்கயிறு, மல்ச்சிங் ஷீட் கிழிசல், சொட்டுநீர்க் குழாய்த் துண்டு மண்ணுக்குள் இருக்கும். பிளேடு சுற்றும்போது அது ஷாஃப்டின் உள்பக்கம் ஏறி, கியர்பாக்ஸிலிருந்து ஷாஃப்ட் வெளியே வரும் இடத்தில் போய் இறுகிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் மண் ஒட்டியதுபோல்தான் தெரியும். கயிறு இறுக இறுக ஆயில் சீலின் ரப்பர் உதட்டை அரைக்கும். முதலில் அந்த இடத்து மண் மட்டும் கறுத்து எண்ணெய்ப் பசையாகத் தெரியும், சொட்டு எதுவும் விழாது. அந்த நிலையில் கவனித்தால் ஒரு சீல் செலவோடு போகும். விட்டால் கியர் ஆயில் இறங்கும், சேறு உள்ளே ஏறும், அடுத்து பேரிங், அதற்கடுத்துப் பல்சக்கரம்.

வேலை முடிந்ததும் எஞ்சினை அணைத்து, சூடு ஆறவிட்டு, பிளக் மூடியைக் கழற்றி, பெட்ரோல் குழாயை மூடிவிட்டு மிஷினைக் கைப்பிடிப் பக்கம் சாய்த்து நிறுத்துங்கள். டேங்க் நிறைந்திருந்தால் மூடியின் காற்றுத் துளை வழியாகச் சொட்டும், அதனால் பாதிக்குக் கீழே இருக்கும்போது சாயுங்கள். ஏர் ஃபில்டர் பக்கம் கீழே போகக்கூடாது, போனால் ஆயில் அதற்குள் இறங்கும். இரண்டு பக்கப் பின்னையும் உருவி பிளேடு செட்டை வெளியே இழுத்தால் ஷாஃப்டின் அடி தெரியும். பழைய கத்தியால் கயிற்றைக் குறுக்கே அறுத்து எடுங்கள். சீல் பக்கம் கத்தி முனை போகக்கூடாது. துணியால் துடைத்து, ஷாஃப்ட் முழுக்கக் கிரீஸ் தடவி பிளேடை மாட்டுங்கள். கிரீஸ் இல்லாமல் விட்டால் துருப்பிடித்து பிளேடு செட் ஷாஃப்டோடு ஒன்றாகிவிடும், பிறகு சுத்தியலால் அடித்துக் கழற்றுகிற அடி நேராகப் பேரிங்குக்குப் போகும். தக்காளிக் காட்டில் ஓட்டினால் இதைத் தினமும், மற்ற காட்டில் வாரம் ஒரு முறை. பிரஷர் வாட்டர் அடித்துக் கழுவும் பழக்கம் இருந்தால் சீல் பக்கம் மட்டும் அடிக்காதீர்கள்.

கியர் ஆயில் 80டபிள்யூ-90. வடிக்கும்போது பால் கலந்த காப்பி நிறத்தில் வந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது, சீலை மாற்றாமல் ஆயிலை மட்டும் மாற்றிப் பயனில்லை. முதல் வடிப்பில் மினுமினுப்பான தூள் வருவது சகஜம், கையில் தட்டுப்படுகிற சில்லு வந்தால் கியர்பாக்ஸைத் திறந்தே ஆக வேண்டும்.

பிளேடு மாற்றும்போது இடது வலது கவனம். கூர்ப் பக்கம் சுற்றும் திசையைப் பார்த்திருக்க வேண்டும். ஒரு செட்டைத் திருப்பி மாட்டிவிட்டால் முதுகால் மண்ணை அடிக்கும், மிஷின் இறங்காமல் குதித்துக்கொண்டே போகும், ஓட்டுகிறவர் மண் இறுகல் என்று நினைத்துக்கொள்வார். புது பிளேடு போட்டு ஒரு மணி நேரம் ஓடியதும் எல்லா போல்ட்டையும் இன்னொரு முறை முடுக்குங்கள். அகலத்தில் பாதி தேய்ந்தால் மாற்றிவிடலாம். பட்டறையில் சாதாரண இரும்புப் பட்டையை வளைத்து பிளேடு செய்து தருவார்கள், சரளையில் அது ஒரு நாள்கூட நேராக நிற்காது.

கிளட்ச் லீவரை விட்ட பிறகும் பிளேடு மெதுவாகச் சுற்றினால் கேபிள் இறுக்கமாக இருக்கிறது. லீவரைப் பிடித்தும் பெல்ட் கருகுகிற வாடை வந்தால் கேபிள் தளர்ந்திருக்கிறது, அல்லது பெல்ட் தேய்ந்திருக்கிறது. பெல்ட் முதுகில் இருக்கிற நம்பரை அது அழிவதற்கு முன்பே ஓர் இடத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மண்ணில் பதம் பார்க்காமல் வீடரை இறக்குவது மிஷினுக்கும் நிலத்துக்கும் சேர்ந்த கேடு. ஒரு கைப்பிடி மண்ணை அமுக்கிப் பிடித்துக் கீழே போட்டால் உடைந்து உதிர வேண்டும். உருண்டையாகவே கிடந்தால் ஈரம் அதிகம், பிடிக்கவே நிற்காமல் பொடியானால் காய்ந்துவிட்டது. பின்னால் இருக்கிற ஆழக்கம்பியை இறக்கினால் மிஷின் மெதுவாகி ஆழமாக வெட்டும், ஏற்றினால் மேலாக ஓடும். களைக்கு இரண்டு அங்குலம் போதும். கல்லுக்காட்டில் முதல் தடவை மேலாக ஓட்டி, வெளியே வந்த கல்லைப் பொறுக்கிவிட்டு, இரண்டாம் தடவைதான் ஆழம் கொடுக்க வேண்டும்.

கோரையும் அருகும் மண்டிய இடத்தில் மழை ஈரத்தில் வீடர் ஓட்டாதீர்கள். கிழங்கையும் தண்டையும் துண்டு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டையும் ஈர மண்ணில் நட்டுவிட்டு வருவதற்குச் சமம். அதைச் சித்திரை வெயிலில் செய்ய வேண்டும். பத்துப் பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று ஓட்டு ஓட்டினால் மேலே வந்த கிழங்கு வெயிலில் காய்ந்து சாகும். பார்த்தீனியத்தைப் பூ எடுக்கும் முன் மடக்கி உழுதுவிட்டால் அது உரம், பூத்த பிறகு என்றால் நீங்களே விதைத்தது போலத்தான்.

பெட்ரோல் விஷயத்தில் இப்போது முன்னைவிட அதிக கவனம் வேண்டும். பங்கில் வருகிற பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கும், கார்புரேட்டருக்கு முதலில் போவது அதுதான். பழைய ரப்பர் குழாயும் கார்புரேட்டர் வாஷரும் அதில் ஊறி உப்பும். ஒரு மாதத்துக்கு மேல் நிற்கப்போகிறது என்று தெரிந்தால் டேங்கை வடித்து, பெட்ரோல் குழாயை மூடி, தானாக அணையும் வரை ஓடவிட்டு, கார்புரேட்டர் கிண்ணத்தின் வடிகால் திருகையும் திறந்து மிச்சத்தை வடியுங்கள். பிளக்கைக் கழற்றி அந்தத் துளையில் ஒரு டீஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு, கயிற்றை மெதுவாக நாலு தடவை இழுத்து, பிளக்கை மாட்டுங்கள். கடைசியாகக் கயிறு இறுக்கமாகத் தட்டுப்படுகிற இடத்தில் நிறுத்துங்கள். அந்த நிலையில் இரண்டு வால்வும் மூடியிருக்கும், ஈரம் உள்ளே போகாது. மேலே பிளாஸ்டிக் தாளைப் போர்த்தினால் உள்ளே வியர்த்துத் துருப்பிடிக்கும், பழைய துணி போதும். எலி ஏர் ஃபில்டர் பெட்டியில் கூடு கட்டும், ஸ்விட்ச் வயரையும் கடிக்கும், அதையும் அவ்வப்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் உடனே மெக்கானிக்குக்குப் போன் போட வேண்டியதில்லை. பெட்ரோல் குழாய் திறந்திருக்கிறதா, ஸ்விட்ச் ஆனில் இருக்கிறதா, காற்றைக் குறைக்கிற சோக் மூடியிருக்கிறதா, ஆயில் மட்டம் சரியா. ஆயில் குறைந்தால் தானாகத் தீப்பொறியை நிறுத்துகிற சென்சார் சில எஞ்சின்களில் உண்டு, சரிவான காட்டில் மிஷின் சாய்ந்து நின்றாலும் அது வேலை செய்துவிடும். இதெல்லாம் சரி என்றால் பிளக்கைக் கழற்றுங்கள். ஈரமாக இருந்தால் பெட்ரோல் அதிகம், துடைத்துக் காயவைத்து, சோக்கைத் திறந்து இழுங்கள். காய்ந்திருந்தால் பெட்ரோலே வரவில்லை. பிளக் இடைவெளி 0.7 முதல் 0.8 மி.மீ. இருக்க வேண்டும். இந்த எஞ்சின்களுக்குப் பொருந்துகிற பிபிஆர்6இஎஸ் பிளக் ஒன்று எப்போதும் கையில் இருக்கட்டும்.

எஞ்சின் ஏறி இறங்கி, ஏறி இறங்கிக் கத்துகிறது என்றால் அநேகமாக ஜெட் அடைப்பு. கார்புரேட்டர் அடியில் இருக்கிற 10 மி.மீ. போல்ட்டைக் கழற்றினால் கிண்ணம் கையோடு வரும், நடுத்தண்டுக்குள் மெயின் ஜெட் இருக்கும். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் துளை வட்டமாகத் தெரிய வேண்டும். மின்வயரின் ஒற்றைச் செம்புக் கம்பியால் மட்டும் குத்துங்கள். ஊசியும் இரும்புக் கம்பியும் பித்தளையைக் கீறித் துளையைப் பெரிதாக்கிவிடும். இதைச் சரிசெய்யாமல் வேகத்தைக் கட்டுப்படுத்துகிற கவர்னரின் ஸ்பிரிங்கை இழுத்துக் கட்டி வேகம் ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். 3600க்கு மேல் தொடர்ந்து ஓடச் செய்யப்பட்ட எஞ்சின் இல்லை இது, ராடு உடைந்து கேஸைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். கறுப்புப் புகை என்றால் ஃபில்டர் அடைப்பு அல்லது சோக் பாதி மூடியிருக்கிறது. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. சூடான பிறகு இழுவை குறைந்து, திரும்ப ஸ்டார்ட் ஆகவும் அடம்பிடித்தால் வால்வு இடைவெளியைப் பார்க்கச் சொல்லுங்கள். எஞ்சின் குளிர்ந்த நிலையில் உள்வால்வு 0.15, வெளிவால்வு 0.20 மி.மீ.

பாதுகாப்புக்கு நான் கெஞ்சிக் கேட்பது இரண்டு. கையை விட்டதும் பிளேடு நிற்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்த லீவர் இருக்கிறது, கை வலிக்கிறது என்று அதைக் கம்பியால் கட்டி வைக்காதீர்கள். பிளேடு சுற்றிக்கொண்டிருக்கும்போது மிஷினை இழுத்துக்கொண்டு பின்னோக்கி நடக்காதீர்கள். பின்னால் வரப்பில் கால் தடுக்கி விழுந்தால் மிஷின் உங்கள் மேல்தான் ஏறும். லுங்கி, தோளில் தொங்கும் துண்டு, வெறுங்கால் எதுவும் வேண்டாம், குழந்தைகள் பக்கத்திலேயே வரக்கூடாது. ஓடிக்கொண்டிருக்கும்போதும் சைலன்ஸர் சூடாக இருக்கும்போதும் பெட்ரோல் ஊற்றாதீர்கள். பத்து நிமிஷம் காத்திருந்தால் மிஷினும் ஆறும், உங்கள் கையும் ஆறும்.

பழைய மிஷின் விலைக்கு வந்தால், வருவதற்கு முன் ஸ்டார்ட் பண்ணி வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். குளிர்ந்த எஞ்சின் எத்தனை இழுப்பில் எடுக்கிறது என்பதை நீங்களே பார்க்க வேண்டும். கயிற்றை இழுக்கும்போது ஓரிடத்தில் நல்ல எதிர்ப்பு தட்ட வேண்டும், சும்மா வழுவழுவென்று வந்தால் ரிங்கோ வால்வோ போயிருக்கிறது. அரை மணி ஓட்டி அணைத்து, சூட்டோடு திரும்ப எடுக்கச் சொல்லுங்கள். கியர்பாக்ஸ் வார்ப்பில் வெல்டிங் தழும்பு இருந்தால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். எஞ்சினை அணைத்து, பிளக் மூடியைக் கழற்றிய பிறகு பிளேடைக் கையில் பிடித்து மேலும் கீழும், உள்ளும் வெளியும் ஆட்டிப் பாருங்கள். லேசான ஆட்டம் பரவாயில்லை, கடகடவென்று ஆடினால் பேரிங் மாற்றும் செலவைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள்.